நாப்பத்தோராவது வளைவு

அந்த பேனரைப் பாத்தீங்களா அண்ணாச்சி? இப்ப நம்ம பஸ்ஸு தாண்டுச்சே, சேந்தமங்கலம் முக்குல, வேப்பமரத்துல கட்டியிருந்தாங்களே, அது. போலீஸ் தொப்பியோட ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான்லா? அவன்தான். 'ஆய்வாளர் பொன்னுலிங்கம் அவர்கள் பரிசு வழங்குகிறார்.' அவர்களாம்! எனக்காக நாலு வருசம் எதிர்காத்துல குனிஞ்சு கெடந்த பய, அவனுக்கு இப்ப 'அவர்கள்'.

நீங்க எங்க, அரப்பளீஸ்வரர் கோயிலுக்கா? நல்லது. கும்பிட்டுட்டு நாளைக்குக் காலையில செம்மேட்டுக்கு வாங்க, ஒரு வேடிக்கை காட்டுதேன். பதினாலு வருசம் கழிச்சு அந்த சைக்கிள் பந்தயத்தைத் திரும்ப நடத்துதானுவ. பசங்க காலையில கீழருந்து ஏறி வாரானுவ. மேல மேடை போட்டு இவன் மாலை போடுதான். நான் முன்வரிசையில உக்காரணும்னுதான் இன்னைக்கே போறேன். அவன் மாலையைத் தூக்குன ஒடனே மேடையில ஏறி, மைக்கைப் புடுங்கி, ஒரே ஒரு கேள்வி. 'ஏலே லிங்கம், நிக்கச் சொன்ன எடத்துல ஏன்லே நிக்கல?' அம்புட்டுதான். ஆயிரம் பேருக்கு முன்னால அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். பதினாலு வருசமா இந்த ஒரு கேள்வியை வயித்துல வச்சுக்கிட்டுத்தான் சோறு திங்கேன்.

அழைப்பு வேற அனுப்பியிருக்கான், தெரியுமா? ஓரத்துல பேனாவுல எழுதியிருக்கான், 'அண்ணன் கட்டாயம் வரணும்'னு. என்ன தெனாவெட்டு பாருங்க.

என் பேரு இசக்கிப்பாண்டி. குரும்பூரு. தூத்துக்குடிப் பக்கம். இப்ப தண்ணி கேன் போடுத வண்டி ஓட்டுதேன். அப்ப தெக்கத்திப் பக்கம் கோயில் கொடைக்கு விடுத சைக்கிள் பந்தயம் அத்தனையிலயும் நான்தான். நான் வாரேன்னு தெரிஞ்சா பாதிப் பேரு பேரு குடுக்கமாட்டான். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்லுதேன், என்ன இப்போ?

இந்தப் பந்தயம் நாலு நாளு. மொத நாளு தூத்துக்குடியிலருந்து விருதுநகரு. ரெண்டாவது நாளு திண்டுக்கல்லு. மூணாவது நாளு கரூரு. நாலாவது நாளு கரூருலருந்து நாமக்கல் வழியா வந்து இந்தா இந்த மலை. தெனமும் மொதல்ல வாரது முக்கியமில்ல. நாலு நாளு நேரத்தையும் கூட்டி யாருக்குக் கொறச்சலோ அவன்தான் ஜெயிச்சவன். ஜெயிச்சவனுக்குப் போலீசுல வேலை. விளையாட்டு ஒதுக்கீடு. மொத ஆளுக்கு மட்டும். ரெண்டாவது ஆளுக்கு ஒரு சில்வர் அண்டா. எனக்கு அப்ப இருவத்தேழு முடியப்போவுது. அடுத்த வருசம்னா வயசு தாண்டிரும். லிங்கத்துக்கு இருவத்திரெண்டு. அவனுக்கு இன்னும் எத்தனை வருசம் கெடக்கு! அதைச் சொல்லுங்க மொதல்ல.

எங்க அணியில நாலு பேரு. தவசின்னு ஒரு அண்ணன் ஜீப்புல பின்னால வாழப்பழமும் தண்ணியும் வச்சுக்கிட்டு வருவாரு. ஜெயிக்க வேண்டிய ஆளு நான். மத்த மூணு பேரும் எனக்கு. அதுதான் மொறை. சைக்கிள்ல மொத எதிரி காத்து அண்ணாச்சி. முன்னால போறவன் காத்தைக் கிழிப்பான். அவன் சக்கரத்தை ஒட்டி ஒரு சாண் விட்டு வாரவனுக்குப் பாதி சோலிதான். லிங்கம் என் முன்னாலயே போவான். மொத நாளு எட்டயபுரம் தாண்டி ஒரு பக்கக் காத்து அடிச்சுது பாருங்க, கரிசக்காட்டுப் புழுதியோட, ஆளையே ரோட்டை விட்டுத் தள்ளுது. அறுவது கிலோமீட்டரு. ஒருத்தன் முன்னால வரல. லிங்கம்தான் போனான். எறங்கும்போது ஒதடு வெடிச்சு ரத்தம் வருது. 'அண்ணே, காலு எப்படியிருக்கு?'ன்னு என்னைக் கேக்கான். நடிப்பு! எல்லாம் நடிப்புன்னு அப்பத் தெரியல.

எனக்கு எதிரின்னா தாராபுரம் நல்லசிவம். அவன் ஒரு நரி. காலையிலயே வயித்தைப் புடிச்சுக்கிட்டு வருவான். 'ராத்திரி இட்லி ஒத்துக்கலைங்க, இன்னைக்கு நான் சும்மா பின்னாலயே வந்துக்கறேனுங்க'ம்பான். இருமுவான். வாயைத் தொறந்து மூச்சு வாங்குவான். தலை தொங்கிரும். பாவம்னு விட்டீங்க, அடுத்த மேட்டுல அம்பு மாதிரி போயிருவான். ரெண்டாவது நாளு வாடிப்பட்டி தாண்டி அப்படித்தான் எல்லாரையும் ஏமாத்துனான். என்னை ஏமாத்த முடியல. ஏன்னா எனக்கு ஆளைப் படிக்கத் தெரியும். மூஞ்சியைப் பாக்கக் கூடாது, முட்டியைப் பாக்கணும். நல்லசிவத்துக்கு நெசமாவே தெம்பு தீந்துச்சுன்னா வலது முட்டி வெளிய விரியும். மத்ததெல்லாம் நாடகம். நாலு நாளும் நான் அந்த ஒரு முட்டியைத்தான் பாத்தேன். கண்ணை எடுக்கல. ஒருத்தன் மனசுல என்ன இருக்குன்னு அவன் காலைப் பாத்தே சொல்லிருவேன் நான்.

மூணாவது நாளு வேடசந்தூருல எனக்குப் பின்சக்கரம் பஞ்சர். ஒரு மொறை இருக்கு அண்ணாச்சி, முன்னணியில இருக்கவன் பஞ்சர் ஆனா, மத்தவன் அந்த நேரம் பாத்து ஓடக்கூடாது. எங்கயும் எழுதி வைக்கல, ஆனா மானமுள்ளவன் ஓடமாட்டான். நல்லசிவம் திரும்பிப் பாத்தான், கியருல ஒரு பல்லு மாத்துனான், போயே போயிட்டான். வயித்துவலிக்காரன்! ஜீப்பு எங்கயோ பின்னால கெடக்கு. லிங்கம் குதிச்சு எறங்கி அவன் சக்கரத்தைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டான். நான் வெரட்டிப் போயி கூட்டத்தைப் புடிச்சுட்டேன். அவன் ஜீப்பு வார வரைக்கும் ரோட்டோரத்துல நின்னுட்டு வந்தான். அதுல அவனுக்கு ஒரு நிமிசம் அம்பது செகண்டு போச்சு. போச்சுன்னா? அதுதான அவன் வேலை! கரூருல எல்லாரும் அவன் முதுகைத் தட்டுதானுவ. வெரட்டிப் புடிச்சவன் நானு, தட்டு அவனுக்கு.

இந்தா, காரவள்ளி வந்துட்டு. இங்கருந்துதான் மலை. எழுவது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டுப் போர்டு வச்சிருக்கான், எண்ணிக்கிட்டே வாங்க.

கடைசி நாளு காலையில கணக்கு எப்படின்னா, நான் மொதல்ல. நல்லசிவம் எனக்குப் பதினெட்டு செகண்டு பின்னால. லிங்கம் ஒரு நிமிசம் அம்பது பின்னால. பதினெட்டு செகண்டெல்லாம் ஒரு நேரமா? மூக்கைச் சிந்துத நேரம். அதனால ராத்திரியே ஒரு திட்டம் போட்டேன். நான் போட்டது, என் மூளை. லிங்கம் காலையிலயே கூட்டத்தை விட்டு முன்னால ஓடிரணும். நல்லசிவம் வெரட்டமாட்டான், அவன் என்னை மட்டுந்தான் பாப்பான். லிங்கம் மலையில நாப்பத்தோராவது வளைவுல நிக்கணும். நான் கீழ நல்லசிவத்தை உதறிட்டு ஏறி வருவேன். அங்கருந்து லிங்கம் எனக்கு முன்னால காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போவான். எழுவதாவது வளைவுக்கு மேல வெட்டவெளி, காத்து பேயா அடிக்கும். அந்த எடத்துல தனியா வாரவன் செத்தான். நல்லசிவம் தனியா வருவான். எப்படி திட்டம்?

லிங்கம் ஒண்ணே ஒண்ணு கேட்டான். 'அண்ணே, நீங்க வரலன்னா?'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'நான் வராம எப்படிலே இருப்பேன்? வரலன்னா நீயே போயி ஜெயிச்சுக்க, போ'ன்னு சொன்னேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. யாராவது அதை நெசம்னு எடுத்துக்கிடுவானா?

மறுநாளு எல்லாம் நான் சொன்ன மாதிரியே நடந்துச்சு. நாமக்கல் தாண்டுமுன்ன லிங்கம் இன்னும் ரெண்டு பேரோட முன்னால போயிட்டான். இந்தக் காரவள்ளி வரும்போது அஞ்சு நிமிசம் முன்னால. அது எப்படித் தெரியும்னா, அப்பல்லாம் காதுல போன் கீனெல்லாம் கெடையாது. மோட்டார் சைக்கிள்ல பின்னால ஒருத்தன் சிலேட்டைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். முன்னால போறவனுக்கும் நமக்கும் எவ்வளவு நேரம்னு சாக்பீஸால எழுதிக் காட்டுவான். நாங்க சிலேட்டுக்காரன்னுதான் சொல்லுவோம்.

மலை ஏற ஆரம்பிச்சோம். பத்தாவது வளைவு, பதினஞ்சாவது வளைவு. ஒவ்வொருத்தனா கழண்டான். இருவதுல நானும் நல்லசிவமும் மட்டும். நான் ஒரு முடுக்கு முடுக்குனேன், ஒட்டிக்கிட்டான். அவன் முடுக்குனான், நான் ஒட்டிக்கிட்டேன். இருமுதான். வயித்தைப் புடிக்கான். நான் முட்டியைப் பாக்கேன். விரியல. நேரா இருக்கு. அப்ப இந்த நாய் இன்னும் எதையோ வச்சிருக்கான்னு அர்த்தம். சரி, அவன் செலவழிக்கட்டும், நான் பின்னாலயே வாரேன்னு மெதுவாக்குனேன். அவனும் மெதுவாக்குனான். 'நீங்க போங்க'ங்கான். 'நீ போ'ங்கேன். ரோட்டுல இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைச்சு வளைச்சு ஓட்டுதோம். பல்லக்கு தூக்குதவன் எங்களைத் தாண்டிப் போயிருவான், அம்புட்டு மெதுவு.

முப்பத்தாறாவது வளைவுல சிலேட்டுக்காரன் வந்தான். பாத்தேன். லிங்கம் பேருக்கு நேரா 'ஒண்ணு பத்து'ன்னு எழுதியிருக்கு. ஒரு நிமிசம் பத்து செகண்டு! அஞ்சு நிமிசமா இருந்தது ஒண்ணு பத்தாச்சுன்னா என்ன அர்த்தம்? சொல்லுங்க. லிங்கம் செத்துட்டான்னு அர்த்தம். மூச்சு தீந்து உருட்டிக்கிட்டுப் போறான்னு அர்த்தம். அப்படித்தான எந்தச் சைக்கிள்காரனும் நெனைப்பான்? சீ, சின்னப் பயலை நம்புனேனேன்னு நெனச்சேன். அவன் இனிமே எனக்கு ஒதவவும் மாட்டான், ஜெயிக்கவும் மாட்டான், ஜெயிக்கணும்னா ஒண்ணு அம்பதுக்கு மேல வேணும்லா. பெறகு எதுக்கு நான் அவசரப்படணும்? நல்லசிவத்தை விடாம ஒட்டிக்கிட்டா போதும், பதினெட்டு செகண்டு என் கையில இருக்கு. நல்லசிவமும் அந்தச் சிலேட்டைப் பாத்தான். அவனும் அதையேதான் நெனச்சிருக்கணும். இன்னும் மெதுவாக்குனான்.

நாப்பத்தோராவது வளைவுக்கு வந்தேன். பாத்தேன். ஒருத்தனுமில்ல. ஒரு டீக்கடை, ஒரு பொம்பளை, ஒரு நாயி. லிங்கம் இல்ல. நான் சொன்ன எடம் அது!

அதுக்கப்புறம் சிலேட்டுக்காரன் வரவே இல்ல, பலாப்பழ லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டானாம். அறுவத்தஞ்சுல வந்தான். 'மூணு நிமிசம்'. அப்புறம் என்னத்த வெரட்ட? காத்துல முன்னால போக ஒரு ஆளில்ல. நல்லசிவத்தைப் பாத்து, 'ஏய், சேந்து வெரட்டுவோம்'னேன். 'எனக்கு வயிறு சரியில்லைங்க'ங்கான்! முட்டியைப் பாத்தேன், அப்பத்தான் விரிஞ்சிருக்கு. நெசமாவே தீந்துட்டு அவனுக்கு.

லிங்கம் எங்களுக்கு மூணு நிமிசம் இருவது செகண்டு முன்னால போயிட்டான். கழிச்சுப் பாருங்க. மொத்தத்துல ஒன்றரை நிமிச வித்தியாசத்துல ஜெயிச்சுட்டான். ஒன்றரை நிமிசம்! முன்னால போன அந்த ரெண்டு பேரையும் உச்சிக்குப் பக்கத்துல போயிப் புடிச்சு, தாண்டிப் போனானாம்.

என்ன கேக்கீங்க? அந்த ரெண்டு பேரும் அவன் கூடத்தான போனாங்க, அவங்களை அவன் எப்படிப் பின்னாலருந்து போயிப் புடிச்சான்னா? எனக்கு என்ன தெரியும்? நான் என்ன அவன் கூடவா போனேன்? குறுக்க குறுக்கக் கேக்காதீங்க அண்ணாச்சி, சொல்லிக்கிட்டு வாரேன்லா.

நான் மேல போயிச் சேந்ததும் அவன் என்னைப் பாத்தான். கிட்ட வந்தான். நான் அவன் மூஞ்சியில துப்பிட்டேன். ஆமா, துப்புனேன். தவசி அண்ணன் என்னை இழுத்துட்டுப் போனாரு. 'இசக்கி, அவன்ட்ட ஒரு வார்த்தை கேளுடா'ன்னாரு. துரோகிகிட்ட என்ன கேக்க? அன்னையோட சரி. அவன் போலீசு ஆனான், ஏட்டு ஆனான், இன்னைக்கு இன்ஸ்பெக்டரு. பொங்கலுக்குப் பொங்கல் ஊருக்கு வந்தா என் வீட்டுத் தெரு வழியாத்தான் போவான். நின்னு பாப்பான். நான் கதவைச் சாத்திருவேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்ன கோவில்பட்டியில ஒரு கல்யாணத்துல அந்தச் சிலேட்டுக்காரன் பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காந்தான். சாம்பார் ஊத்தும்போது சொல்லுதான், 'லிங்கம் அன்னைக்கு நின்னாம்ப்பா. நான் பாத்தேன். நிக்கும்போதுதான் நான் அந்த ஒண்ணு பத்து எழுதுனேன். வேணும்னா அந்த டீக்கடைக்காரம்மாட்ட கேளு'ன்னு. எலையை மடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். எல்லாவனையும் வெலைக்கு வாங்கிட்டான். போலீசுல்லா? பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுதானுவ. அந்தச் சின்னப் பய நின்னான், நான் வரலன்னு ஆயிரும்லா கதை? இந்த இசக்கிப்பாண்டி வரலன்னு! அதுக்குத்தான் இந்தக் கட்டுக்கதை.

என்ன, வண்டி நின்னுட்டு? ரேடியேட்டருக்குத் தண்ணியா? நல்ல எடம் பாத்து நிறுத்துனான். போர்டைப் பாக்க வேண்டாம், எனக்குத் தெரியும் இது எத்தனாவதுன்னு.

நீங்க எறங்கி டீ குடிங்க. நான் வரல. எனக்குக் காலு மரத்துட்டு. என்ன? கேட்டுப் பாக்கவா? அந்தம்மாகிட்டயா? வேண்டாம். அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லுதேன்லா! ஊரு பேரு தெரியாத ஆளு, உங்களுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? டீயை மட்டும் குடிச்சுட்டு வாங்க.

*

எனக்கு எதுக்கு டீ? குடுங்க, சரி.

கேட்டுட்டீங்க. என்னா? உங்க மூஞ்சியிலயே தெரியுது. வேண்டாம்னு சொன்னேன், கேட்டுட்டு வந்து நிக்கீங்க. நீங்க யாருய்யா எனக்கு? டிக்கெட் எடுத்தோமா, கோயிலுக்குப் போனோமான்னு இருக்கவேண்டியதுதான?

சொல்லுங்க. சொல்லித் தொலைங்க.

நின்னான். ம். அந்தக் கட்டைச் செவுத்துல ஒத்தக் காலை ஊனிக்கிட்டு. கூட வந்த ரெண்டு பேரும் போயிட்டானுவ. இந்தம்மா தண்ணி குடுத்துருக்கு, வாங்கிக்கிடல. 'எங்க அண்ணன் வருவாரு'ன்னு சொல்லியிருக்கான். ம்.

என்னது? அங்கருந்து பாத்தா கீழ தெரியுமா? எத்தனை வளைவு தெரியும்? அஞ்சா? அப்ப முப்பத்தாறு தெரியும். முப்பத்தாறுல நானும் நல்லசிவமும்... அந்தம்மா பாத்துச்சா எங்களை? 'ரெண்டு பேரு கோட்டிக்காரனுவ மாதிரி வளைச்சு வளைச்சு ஓட்டிக்கிட்டுக் கெடந்தானுவ'ன்னு சொல்லுதா?

கூப்பிட்டானாம். கையை ஆட்டிக் கூப்பிட்டானாம். 'அண்ணே, அண்ணே'ன்னு. அந்தம்மாவும் சேந்து கத்தியிருக்கு. நான் மேல பாக்கவே இல்லியாம்.

நான் முட்டியைப் பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி.

எவ்வளவு நேரம் நின்னானாம்? அதைக் கேட்டீங்களா, இல்லியா? நாலு நிமிசமா? அதெப்படி அந்தம்மாவுக்குத் தெரியும், கடிகாரமா கட்டியிருந்துச்சு? ஓ, அவன் கடிகாரத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லியிருக்கான். ஒண்ணாச்சு, ரெண்டாச்சுன்னு. நாலுன்னு சொல்லும்போது அழுதுட்டான். 'போ தம்பி, அவங்க வர்றவங்க இல்ல'ன்னு இந்தம்மாதான் தள்ளிவிட்டிருக்கு.

ஒன்றரை நிமிசத்துல தோத்தேன், ஒன்றரை நிமிசத்துல என் வாழ்க்கையைப் புடுங்கிட்டான்னு பதினாலு வருசமா பாத்தவன்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். அவன் எனக்காக நாலு நிமிசம் சும்மா ரோட்டுல நின்னுருக்கான். வேடசந்தூருல ஒரு நிமிசம் அம்பது. ரெண்டையும் கூட்டுங்க. வேண்டாம், கூட்டாதீங்க.

ஏன்யா அவன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? மேல வச்சுத் துப்புனேனே, அப்பச் சொல்லியிருக்கலாம்லா? 'நின்னேண்ணே, நீங்கதான் பாக்கல'ன்னு ரெண்டு வார்த்தை. தெருவுல வந்து நின்னுட்டு நின்னுட்டுப் போனானே, கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்லா? நான் இந்த மலையில ஒரு முட்டியைப் பாத்துக்கிட்டு என் பொழப்பை விட்டேங்கது எனக்குத் தெரியக்கூடாதுன்னு மூடி வச்சிருக்கான். எனக்குப் பாவம் பாத்திருக்கான்! எனக்கு! இவன் யாரு எனக்குப் பாவம் பாக்க? ஏட்டானான், இன்ஸ்பெக்டரானான், இம்புட்டு நாளும் இந்த எடத்துல என்னைத் திட்ட விட்டுட்டு வாயை மூடிக்கிட்டே இருந்திருக்கான்.

வண்டி எடுத்துட்டான். உக்காருங்க, விழுந்துராதீங்க.

நான் மேடையில ஏறத்தான் போறேன். மைக்கைப் புடுங்கத்தான் போறேன். அதுல மாத்தமில்ல. இன்னும் இருவத்தொம்பது வளைவு இருக்கு. அதுக்குள்ள நீங்க எனக்கு ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி, நீங்கதான கேட்டுட்டு வந்தீங்க. மைக்கு கையில வந்ததும் நான் அவன்கிட்ட என்னத்தைக் கேக்க?